மேசையில் நேராக இருந்த தட்டு

நுகர்வோர் வழக்குகளில் பழுதான பொருளே பெரும்பாலும் முதல் சாட்சி. ஒழுகும் கிரைண்டரையோ ஒரே சலவையில் சாயம்போன பட்டுச் சேலையையோ மன்றத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் பாதி வாதம் முடிந்த மாதிரிதான். நான் சொல்லப்போகும் வழக்கில் பொருளை மேசைமேல் வைத்தவர் எதிர்தரப்பு வக்கீல். பேக்கரிகளில் பன் சுடும் அலுமினியத் தட்டு அது. வைத்துவிட்டு நான்கு மூலையிலும் விரலால் தட்டிக் காட்டினார். ஆட்டமே இல்லை. "கோணல் கோணல் என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று கனம் மன்றமே பார்க்கட்டும்" என்றார். மன்றத் தலைவர் எட்டிப் பார்த்தார். பெண் உறுப்பினர் தட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தட்டில் கோணல் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வழக்கு அன்றே போயிருக்கும். என் கட்சிக்காரர்களும் தட்டு எப்போதும் கோணல் என்று புகாரில் சொல்லவில்லை. தட்டு அடுப்புக்குள் போனால் கோணுகிறது, வெளியே வந்து ஆறினால் நேராகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பொள்ளாச்சி வட்டாரத்தில் கணவனும் மனைவியும் நடத்தும் பேக்கரி. விறகு அடுப்பில் தொடங்கி, கடன் வாங்கி டீசலில் ஓடும் ரோட்டரி ஓவனுக்கு மாறியிருந்தார்கள். அந்த ஓவனில் தட்டுகளை அடுக்கடுக்காகச் செருகிய ட்ராலியை அப்படியே உள்ளே தள்ளிக் கதவை மூடிவிடலாம். ட்ராலி மெதுவாகச் சுழலும். சூடான காற்றை மின்விசிறி பக்கவாட்டிலிருந்து வீசும். பழைய அடுப்புத் தட்டுகள் இதன் அளவுக்கு ஒத்துவராததால், கோவையில் பேக்கரி சாமான் விற்கும் ஒரு கடையில் நூற்றைம்பது புதுத் தட்டுகள் வாங்கினார்கள். 600 மில்லிமீட்டர் நீளம், 400 அகலம். பில்லில் "ரோட்டரி ஓவன் ட்ரே, அலுமினியம், 18 கேஜ்" என்று எழுதியிருந்தது.

தொல்லை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஓவனுக்குள் சூடு ஏறும்போது டப், டப் என்று சத்தம். கதவைத் திறந்தால் தட்டுகளில் எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தேங்காய் பன்கள் ஒரு பக்கமாகச் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மேலே பூசிய முட்டைக் கலவை பள்ளத்தில் தேங்கி அங்கே கறுத்துவிட்டது. மேட்டில் இருந்தவை காய்ந்திருக்கின்றன. ஒரு தட்டுச் சரக்கில் பாதி, கடைக்கு அனுப்பும்படி இல்லை.

"ஆறினா நேராயிருதுங்க சார். யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டறது?" என்றார் கணவர்.

அவர் மனைவிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "தட்டைத் தூக்கிட்டு அவங்க கடைக்கே போனமுங்க. மேசை மேல வெச்சு, 'எங்கம்மா கோணல்? உங்க மாஸ்டருக்கு அடுப்புப் போடத் தெரியல'ங்கறாங்க. எங்க மாஸ்டரு இருவது வருசமா பன்னு சுடறவருங்க."

பேக்கரி உலகத்தில் மாஸ்டர் என்றால் மாவு பிசைவதிலிருந்து அடுப்பு இறக்குவது வரை எல்லாம் அவர் கையில்தான். அவரைக் குறை சொன்னது அந்த அம்மாவுக்குத் தட்டின் விலையைவிடப் பெரிதாக உறுத்தியது என்று நினைக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். கடைக்காரரின் பதிலிலும் அதே வாசகம்தான், சற்றே மரியாதையான மொழியில்.

எங்கே வழக்குப் போடுவது என்பது முதல் கேள்வி. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் அன்றைய கணக்கில் கோரும் தொகையில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் நீதிமன்றக் கட்டணம். 2017-இல்தான் தமிழ்நாட்டில் அது மூன்றாகக் குறைந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் செலவு சொற்பம். ஆனால் அங்கே வாசலிலேயே ஒரு தடை உண்டு. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். பேக்கரித் தட்டு வணிகத்துக்கு இல்லாமல் வேறு எதற்கு?

இந்தத் தடைக்கு விலக்கும் அதே சட்டத்தில் இருந்தது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 1993-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். அதை உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் விரித்துச் சொன்னது. அந்த வழக்கில் இயந்திரம் விற்ற நிறுவனம் கோவையைச் சேர்ந்தது என்பதால் எங்கள் ஊர் வக்கீல்களுக்கு அந்தத் தீர்ப்பு சொந்தக்காரரைப் போல் பரிச்சயம். அதில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். அவர் நடத்தியது பெருந்தொழில், நுகர்வோர் அல்ல என்றது நீதிமன்றம். எனக்கு வேண்டியது வேறொரு பகுதி. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே வேலை செய்யக் கடைசல் இயந்திரம் வாங்குபவர் ஆகியோர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தோற்றவரின் வழக்கிலிருந்து வென்றவருக்கான வரியை எடுப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை.

கணவர் மாவு எடை போடுகிறார், ட்ராலி தள்ளுகிறார், விடியற்காலையில் வண்டியில் லைனுக்கு, அதாவது ஊர் ஊராக டீக்கடைகளுக்கு, சரக்கு கொண்டுபோகிறார். மனைவி கல்லாவில் இருக்கிறார், பாக்கெட் கட்டுகிறார். மாஸ்டர் ஒருவர், கையாள் ஒருவர். இதையெல்லாம் நிரூபண வாக்குமூலத்தில் நாள் முழுவதும் யார் என்ன செய்கிறார்கள் என்ற விவரத்தோடு எழுதினேன். எதிர்தரப்பு கடைசிவரை இந்தத் தடையை விடவில்லை. ஆனால் மன்றம் பின்னால் இதற்குச் செலவிட்டது தீர்ப்பில் ஒரே ஒரு பத்திதான்.

அவர்களுடைய பதிலுரையில் மற்ற எதிர்வாதங்கள் நன்றாகவே இருந்தன. சூடான தட்டில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்பது ஒன்று. ஓவன் காற்றைச் சமமாக வீசவில்லை, குறை அடுப்பில் என்பது இன்னொன்று. கடையில் தொட்டுத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்கினார்கள், இப்போது வந்து குறை சொன்னால் எப்படி என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசையில் நேராகக் கிடக்கும் அந்தத் தட்டு.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 1986 சட்டத்தின் 13(1)(சி) பிரிவு. சோதித்தால் மட்டுமே தெரியக்கூடிய குறை என்றால், மன்றமே மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். கட்டணத்தைப் புகார்தாரர் முன்கூட்டியே கட்டவேண்டும். குறை இருக்கிறது என்று வெறும் வாக்குமூலத்தை நம்பி வாதாடிவிட்டு, கடைசியில் "ஆய்வறிக்கை இல்லை" என்ற ஒரே காரணத்தில் தள்ளுபடியான புகார்கள் ஏராளம். எனவே முதல் வாய்தாவிலேயே மனுப் போட்டேன். நல்லவேளையாக நூற்றைம்பதில் ஒரு கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. கடைக்காரரின் தாள் ஒட்டியபடியே. மாதிரியை அதிலிருந்து எடுத்தார்கள். "உபயோகித்துக் கெடுத்த தட்டு" என்று யாரும் சொல்ல முடியாமல் போயிற்று.

ஆய்வகம் அடுப்பைப் பற்றி எதுவும் சொல்ல மறுத்துவிட்டது. பேக்கரிச் சூட்டில் தட்டு எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்கத் தங்களிடம் வசதி இல்லை என்றார்கள். செய்த வேலையைத் துல்லியமாகச் செய்திருந்தார்கள். தகட்டைப் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து சராசரிக் கனம் 0.81 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள்.

இங்கே கேஜ் கணக்கைச் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் தகட்டின் கனத்தைக் கேஜில்தான் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜ் தகடு 18 கேஜைவிட மெல்லியது. பாத்திரக் கடைக்கு வரும் பாதிப் பேருக்கு இது தலைகீழாகத்தான் பதிந்திருக்கிறது. நம்மிடம் பழகிப்போன பிரிட்டிஷ் அளவுமுறையில் 18 கேஜ் என்றால் 1.22 மில்லிமீட்டர். 0.81 என்பது அதே முறையில் 21 கேஜ்.

அறிக்கை வந்ததும் எதிர்தரப்பு வக்கீல் ஆட்சேபணை மனுப் போட்டார். படித்தபோது எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. கேஜ் என்பது ஒன்றல்ல, பல அளவுமுறைகள் இருக்கின்றன, அலுமினியத் தகட்டுக்கு அமெரிக்க முறையும் உண்டு, பில்லில் எந்த முறை என்று குறிப்பிடவில்லை, ஆகவே 18 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதையும் நிலைநாட்ட முடியாது என்பது அவர் வாதம். அமெரிக்க முறை ஒன்று இருப்பது உண்மைதான். அதில் 18 கேஜ் 1.02 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் கணக்கைவிட மெல்லியது.

ஆனால் அவர் அட்டவணையில் அதற்குமேல் இறங்கிப் பார்க்கவில்லை. 0.81 மில்லிமீட்டர் என்பது அமெரிக்க முறையில் 20 கேஜ். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே தாளில் மன்றத்துக்குக் கொடுத்தேன். பிரிட்டிஷ்காரரைக் கேட்டால் 21, அமெரிக்கரைக் கேட்டால் 20. பதினெட்டு என்று சொல்ல இந்த உலகத்தில் அந்தக் கடைக்காரரைத் தவிர ஆள் இல்லை.

"அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே. அதனாலா இவ்வளவு?" என்று மன்றத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஏற்கெனவே பாடம் கேட்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் வீட்டில், அவர் கரும்பலகையில் எழுத, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தகட்டின் விறைப்பு அதன் கனத்தைப் பொறுத்து முப்படியில் கூடிக் குறையும். கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 1.22 இருக்கவேண்டிய இடத்தில் 0.81 இருந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அமெரிக்கக் கணக்கை ஏற்றுக்கொண்டு 1.02 என்று வைத்தாலும் பாதிதான். கண்ணுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தெரிவது, தகட்டுக்குத் தன் பலத்தில் பெரும்பகுதி.

இனிச் சூடு. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். இரும்பு சுமார் 12 பங்குதான். 30 டிகிரியில் இருக்கும் 600 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு 210 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளும். தட்டு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. சற்றுப் பெரிய தட்டாக மாறும், அவ்வளவுதான். பன் சுடும்போது அப்படி இருப்பதில்லை. நடுவில் ஈரமான மாவு உட்கார்ந்திருக்கிறது. அது தட்டின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாவு படாத ஓரத்தில் விசிறியின் காற்று நேராக அடிக்கிறது. ஓரம் வேகமாகச் சூடாகி நீள்கிறது, நடு பின்தங்குகிறது. நீண்ட ஓரத்துக்குப் போக இடமில்லாததால் அது மேலும் கீழுமாக மடங்கித்தான் ஆகவேண்டும். வெயிலில் ஒரு பக்கம் மட்டும் காயும் அப்பளம் போல என்று மன்றத்தில் சொன்னேன். பெண் உறுப்பினர் தலையசைத்தார்.

இதில் ஒரு கணக்கு என்னையே வியக்கவைத்தது. ஓரத்துக்கும் நடுவுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 600 மில்லிமீட்டரில் நீள வேறுபாடு வெறும் 0.7 மில்லிமீட்டர். ஆனால் இரு முனையும் நகராமல் பிடிக்கப்பட்ட ஒரு பட்டை அந்த 0.7-ஐ வளைந்து சமாளிக்க வேண்டுமென்றால், நடுவில் சுமார் 13 மில்லிமீட்டர் உயரவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீட்சி, ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான மேடாக மாறுகிறது. கனமான தகடு என்றால் இந்த மடங்கலை எதிர்த்து நிற்கும். மெல்லியது பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு கணத்தில் டப் என்று புரண்டுவிடும். அந்தச் சத்தம் அதுதான். சூடு சமமாகிவிட்டால் மறுபடி புரண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். உலோகம் நிரந்தரமாக எதையும் இழக்கவில்லை. மேசைமேல் கிடந்த தட்டு பொய் சொல்லவில்லை. அது ஆறிப்போயிருந்தது.

கணக்கு சரிதான், ஆனால் மன்றம் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதாது. யாராவது நேரில் பார்க்கவேண்டும். வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டேன். எதிர்தரப்பு கடுமையாக எதிர்த்தது. புகார்தாரரின் பேக்கரி, புகார்தாரரின் ஓவன், புகார்தாரரின் மாஸ்டர்; 300 டிகிரி வைத்து எந்தத் தட்டையும் கோணவைக்கலாம் என்றார்கள். இதற்கு நான் கொடுத்த பதில்தான் வழக்கைத் திருப்பியது என்று இன்றும் நம்புகிறேன். அருகில் உள்ள இன்னொரு பேக்கரியில் ரோட்டரி ஓவனில் ஓடிக்கொண்டிருக்கும் அதே அளவுத் தட்டுகள் சிலவற்றை இரவல் வாங்குவோம். வேறு கடையில் வாங்கியவை. ஆணையர் கண்ணெதிரில் ஒரே ட்ராலியில், ஒன்று விட்டு ஒன்றாக இரண்டையும் அடுக்குவோம். ஒரே மாவு, ஒரே சூடு, ஒரே மாஸ்டர். குறை ஓவனில் இருந்தால் எல்லாத் தட்டும் கோணட்டும்.

ஆணையராக வந்தவர் இளம் பெண் வழக்கறிஞர். முன்னதாகவே என்னென்ன குறிக்கவேண்டும் என்று இரு தரப்பிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். விடிவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். முதல் அடுப்பு அந்நேரம்தான் ஏறும். எதிர்தரப்பு வக்கீலும் கடைக்காரரும் வந்திருந்தார்கள். பிரிக்காத கட்டிலிருந்து தட்டுகளை ஆணையரே எடுத்தார், மூலையில் எண் எழுதினார், கடைக்காரரிடமும் கையெழுத்து வாங்கினார். கல்லாவில் இருந்த மின்னணுத் தராசில் இரண்டு வகைத் தட்டையும் எடை போட்டார். அதை யாரும் கேட்டிருக்கவில்லை, அவராகவே செய்தார். கடைக்காரரின் தட்டு கால் கிலோவுக்கு மேல் குறைந்தது.

அந்த எடையை நான் பின்னால் வாதத்தில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். 600-க்கு 400 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் 1.22-க்கும் 0.81-க்கும் இடையே உள்ள எடை வித்தியாசம், மடித்த விளிம்பைச் சேர்க்காமலே, சுமார் 270 கிராம் வருகிறது. நூற்றைம்பது தட்டுக்கு நாற்பது கிலோ. பட்டறைக்காரர் தகட்டைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார். கடைக்காரர் தட்டை எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார். இடையில் அந்த நாற்பது கிலோவின் விலை யாருடைய பையில் தங்கியது என்று மன்றம் யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓவன் பலகையில் 210 டிகிரி காட்டியது. ஆணையர் அதைப் படம் எடுத்தார். மாஸ்டர் பன் உருண்டைகளை எல்லாத் தட்டிலும் ஒரே எண்ணிக்கையில் வரிசையாக வைத்தார். ட்ராலி உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்தரப்பு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே டப் என்றது. சற்று விட்டு இன்னொன்று. பிறகு வரிசையாக. கடைக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

பலகாரம் அடுக்கும் கடப்பாக்கல் மேடை பக்கத்திலேயே இருந்தது. மாஸ்டர் தட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் இறக்க, ஆணையர் தூக்கிய மூலைக்கடியில் இரும்பு அடிக்கோலை நிறுத்தி அளந்தார். எண் எழுதிய தட்டுகளில் 9 மில்லிமீட்டரிலிருந்து 14 வரை. இரவல் தட்டுகளில் ஒன்றில் மட்டும் 2 மில்லிமீட்டர். மற்றவை கல்லோடு கல்லாகப் படிந்திருந்தன. ஆறும்வரை காத்திருந்து மறுபடி அளந்தார். எங்கள் தட்டுகள் ஒவ்வொன்றாக டப் என்று படுத்தன. எல்லாம் நேர். பன்களையும் அவர் விடவில்லை. எந்தத் தட்டில் எத்தனை சரிந்து ஒட்டியிருந்தன என்று எண்ணி எழுதினார். நல்ல ஆணையர் அறிக்கை எப்படி இருக்கவேண்டும் என்று ஜூனியர்கள் கேட்டால் நான் இன்றும் அந்த நகலைத்தான் காட்டுகிறேன்.

மிச்சம் இருந்தது தண்ணீர்க் கதை. அதை மாஸ்டரின் வாயாலேயே வரவழைக்கலாம் என்று எதிர்தரப்பு நினைத்தது. நுகர்வோர் மன்றத்தில் குறுக்கு விசாரணை வழக்கமாக இல்லை, வாக்குமூலங்களோடு முடிந்துவிடும். கேட்டு அனுமதி வாங்கினார்கள்.

"வேலை முடிந்ததும் தட்டைக் கழுவுவீர்கள் அல்லவா?"

"கழுவறதா?" மாஸ்டர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பன் தட்டுல தண்ணியே படக்கூடாதுங்க. சுரண்டிட்டுத் துணி போட்டுத் தொடச்சு எண்ணெ தடவி வெப்போம். கழுவினா அடுத்த அடுப்புல பன்னு புடிச்சுக்குமுங்க."

பன் தட்டைக் கழுவாமல் எண்ணெய் ஏற்றிப் பழக்குவதுதான் பேக்கரி வழக்கம். சூடான தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது நிரந்தரமாகக் கோணக்கூடும் என்பது உண்மையே. வீட்டுச் சமையலறையில் நடப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அப்படிக் கோணிய தட்டு ஆறினாலும் கோணலாகவே இருக்கும். மேசையில் நேராக இருக்காது. எதிர்தரப்பின் முதல் சாட்சியே அவர்களுடைய தண்ணீர் வாதத்துக்கு எதிரியாகிவிட்டது. இதை வாதத்தில் சொன்னபோது எதிர்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

சட்ட வாதத்தில் நான் நின்றது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில். அதன் 15-ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தவேண்டும் என்கிறது. 18 கேஜ் என்பது விவரம். 16-ஆவது பிரிவு, வாங்குபவர் தன் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்கிறது. தேவையைத் தெரிவித்ததற்கு என்ன ஆதாரம்? பில்லில் "ரோட்டரி ஓவன் ட்ரே" என்று எழுதியவர் கடைக்காரரேதான். அதே பிரிவில் ஒரு வரம்பும் உண்டு: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்குப் பிறகு விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது. தொட்டுப் பார்த்துத்தானே வாங்கினார்கள் என்ற வாதம் இதிலிருந்து வருவது. கடையில் தட்டைத் தூக்கிப் பார்க்கலாம். கடையில் 210 டிகிரி கிடையாது. விரலால் தடவி 0.81-ஐயும் 1.22-ஐயும் பிரித்துச் சொல்லவும் பேக்கரிக்காரரால் முடியாது.

நட்ட ஈட்டுப் பகுதியில்தான் எங்களுக்கு இறக்கம். வீணான சரக்கு, விட்டுப்போன டீக்கடை ஆர்டர்கள் என்று மூன்று லட்ச ரூபாய் கேட்டிருந்தோம். கேட்கும்போதே கட்சிக்காரரிடம் சொல்லியிருந்தேன், இது நிற்பது கடினம் என்று. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக எழும் இழப்புக்குத்தான் ஈடு தரும். தொலைவான இழப்புக்குத் தராது. இந்த விதியின் வேர் 1854-இல் இங்கிலாந்தில் ஹேட்லி எதிர் பாக்ஸண்டேல் வழக்கில் இருக்கிறது. மாவு ஆலை ஒன்றின் உடைந்த அச்சுத்தண்டைக் கொண்டுபோக வேண்டியவர்கள் தாமதித்ததால் ஆலை நின்ற வழக்கு. ஆலைக்காரருக்கு இலாப இழப்பு கிடைக்கவில்லை. மாவுத் தொழிலுக்கும் இந்த விதிக்கும் ஆதியிலிருந்தே ஆகாது போலிருக்கிறது. எங்கள் விஷயத்தில் விதிகூடத் தேவைப்படவில்லை, ஆதாரமே இல்லை. லைன் விற்பனை முழுவதும் கோடு போட்ட நோட்டில், பென்சிலில், ஊர்ப் பெயரும் ஓர் எண்ணுமாக இருந்தது. எந்த எண் தட்டால் குறைந்தது, எந்த எண் மழையால் குறைந்தது என்று அந்த நோட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மன்றம் அதை நிராகரித்தது சரி என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பு இப்படி வந்தது. புகார்தாரர்கள் நுகர்வோரே. தட்டுகள் சொன்ன விவரத்துக்கும் தேவைக்கும் பொருந்தாதவை, குறை நிரூபிக்கப்பட்டது. நூற்றைம்பது தட்டுகளின் முழு விலையையும் புகார் தேதியிலிருந்து ஆண்டுக்கு ஒன்பது சதவீத வட்டியோடு திருப்பித் தரவேண்டும், புகார்தாரர்கள் தட்டுகளை ஒப்படைக்க வேண்டும். மன உளைச்சலுக்குப் பத்தாயிரம், வழக்குச் செலவுக்கு ஐந்தாயிரம். வியாபார இழப்புக் கோரிக்கை தள்ளுபடி. கடைக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வரைவோலையாகப் பணம் வந்து சேர்ந்தது.

இப்போது அந்த 1986 நுகர்வோர் சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் உற்பத்திப் பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருப்பதால், இத்தகைய வழக்கில் அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். கவனமாகப் படியுங்கள்: அந்த அத்தியாயத்துக்கான தீங்கு என்ற வரையறையில், பொருளுக்கே ஏற்பட்ட சேதமும் வணிக இழப்பும் சேராது. வெடித்த குக்கரால் கை வெந்தவருக்கு அது உதவும். கோணும் தட்டு வாங்கியவருக்கு உதவாது. அவருக்கு வழக்கமான குறைபாட்டுப் புகார்தான் வழி. சுயதொழில் விலக்கு புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இப்போது 38-ஆவது பிரிவில் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

தட்டோ தகடோ பாத்திரமோ தொழிலுக்காக வாங்குகிறவர்கள் பில்லில் கேஜோடு நிற்காமல் கனத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் வையுங்கள். கடைக்காரரின் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டே காலத்தைக் கடத்த வேண்டாம். குறை தெரிந்த நாளிலிருந்து புகாருக்கு இரண்டு ஆண்டுதான் அவகாசம்.